இரண்டாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை வீட்டிலிருந்தே அறிவது எப்படி?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு முடித்த மகளை இந்த ஜூனில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். முன்பு நாள்தோறும் நோட்டு நிறைய எழுத்து வந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு பக்கம்கூட நிரம்புவதில்லை. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் காகிதக் கிரீடம் சூடிய குழந்தைகளின் படங்கள்தாம் வருகின்றன. என்ன படித்தாய் என்று கேட்டால், "ஒண்ணும் இல்லப்பா, விளையாடினோம்" என்கிறாள். பாடம் நடக்கிறதா இல்லையா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். கண்ணில் படும் தடயம் எதுவும் வீட்டுக்கு வராதபோது, பிள்ளை கற்கிறாளா என்பதைப் பெற்றோர் எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்பதே இதன் உட்பொருள் என்று எடுத்துக்கொள்கிறேன். இருபத்தாறு ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி தருமபுரி மாவட்டத்தின் ஈராசிரியர் பள்ளிகளில், முதல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு கழிந்தது. உங்கள் மகளின் வகுப்பறையை நான் பார்த்ததில்லை என்பதால் அங்குள்ள ஆசிரியரைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியை மட்டும் சொல்கிறேன்.

நோட்டு ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு எளிய விளக்கம் உண்டு. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 ஜூன் முதல், ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி கற்பிக்கிறோம். அடுத்த கல்வியாண்டில் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் எழுத்தே அறியாமல் இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு ஏறிவந்த பிள்ளைகளை முன்னிட்டு உருவான திட்டம் அது. குழந்தை எந்த வகுப்பு என்பதை மட்டும் பார்க்காமல், எந்த நிலையை எட்டியிருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக உட்கார வைக்கிறோம். பாட்டு, கதை, பொம்மலாட்டம், அட்டை விளையாட்டு என்று வாய்க்கும் கைக்கும் வேலை அதிகம். எழுதும் வேலை பெரும்பாலும் பயிற்சிநூலில் நடக்கும். அந்தப் பயிற்சிநூலைக் கிழியாமல் இருக்கட்டும் என்று வகுப்பு அலமாரியிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. எனவே நோட்டைப் புரட்டுவதை விட்டுவிட்டு, ஒருநாள் மாலை பள்ளிக்குப் போய்ப் பயிற்சிநூலைப் பார்க்கக் கேளுங்கள். வீட்டுப்பாடம் இல்லையே என்ற குறைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பை கொள்கையே சொல்கிறது.

இந்தக் கவலை புதிதும் இல்லை. 2007-08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது, புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டுப் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சன்னல் வழியே பார்த்த ஒரு தாத்தா, "ஏம்மா டீச்சர், சீட்டாடவா சொல்லிக் குடுக்கறீங்க?" என்று கேட்டார். அன்று சிரித்துவிட்டேன். பேரன் எந்த ஏணிப்படியில், அதாவது கற்றலின் எந்தப் படிநிலையில் நிற்கிறான், அந்த அட்டையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஐந்து நிமிடம் விளக்கியிருக்க வேண்டும். முறைகள் மாறும்போது பெற்றோருக்குச் சொல்லாமல் விடுவது எங்கள் துறையின் நெடுநாள் குறை. உங்கள் கேள்வியிலும் அதன் நிழல் இருக்கிறது.

நோட்டு நிறைந்திருந்தால் பிள்ளை கற்றுவிட்டாள் என்று பொருளாகாது என்பதை நான் என் தவற்றிலிருந்து தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பாடத்தை வாசிக்கச் சொன்னால் தடையில்லாமல் வாசிப்பான். 'சரளமாக வாசிக்கிறார்' என்று பதிவேட்டில் எழுதினேன், அவன் அப்பாவிடமும் பெருமையாகச் சொன்னேன். ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் "காக்கா மரத்துல உக்காந்துச்சு" என்ற இடத்தில் இருந்தது; விரல் அதற்கு முந்தைய வரியில் நின்றது. வாய் வரியின் முடிவுக்குப் போவதற்குள் பக்கத்தைப் புரட்டிவிட்டான். அதே பக்கத்தில் 'மரம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் காகிதத்தால் மறைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காக்கா" என்றான். பாடம் முழுவதும் காதால் மனப்பாடம். எழுத்து அவனுக்குப் படம் மாதிரிதான். கரும்பலகையில் இருப்பதை அப்படியே வரையவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது தெரிய எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. பார்த்து எழுதிய நாற்பது பக்கத்தைவிட, பார்க்காத நான்கு சொல்லைத் தட்டுத்தடுமாறி வாசிப்பதையே அன்றிலிருந்து நம்புகிறேன்.

இனி உறுதியாகச் சொல்லக்கூடியதற்கு வருகிறேன். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பெற்றோரும் பிள்ளையும் மலைக்கிறார்கள். உண்மையில் குழந்தை பிடித்துக்கொள்ள வேண்டியவை பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், உயிர் மெய்யோடு சேரும்போது வரும் குறிகள் ஆகியவைதாம். மிச்சமுள்ள 216 உயிர்மெய்யும் சேர்க்கையில் பிறப்பவை. 'க கா கி கீ' என்று வரிசையாகப் பாடுவது இனிமையாக இருக்கும். ஆனால் பாடும் பிள்ளையிடம் 'கூ' எழுத்தைத் தனியே காட்டினால் முதலிலிருந்து பாடிவந்துதான் கண்டுபிடிக்கும். அதனால்தான் பல ஆசிரியர்கள் அகர வரிசையை ஒதுக்கி, ட, ப, ம போன்ற எழுத எளிய எழுத்துகளில் தொடங்கி, உடனே படம், மடம், பட்டம் என்று சொல்லுக்குப் போய்விடுகிறோம். உங்கள் மகள் 'அ'விலிருந்து ஒழுங்காகச் சொல்லாமல் நடுவில் எங்கிருந்தோ படிக்கிறாள் என்றால் கவலைப்பட வேண்டாம்.

பிள்ளையின் பிழைகளைத்தான் வகுப்பிலிருந்து வரும் உண்மையான செய்தி என்று நான் கருதுகிறேன். 'கொடி' என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். 'கடி' என்று எழுதினால் கொம்புக்குறி இன்னும் வரவில்லை. 'கெடி' என்று எழுதினால் கொம்பு வந்துவிட்டது, கால் விட்டுப்போயிற்று. முக்கால் வழி கடந்துவிட்டாள். முதலில் 'க' எழுதிவிட்டு அதன் வலப்பக்கம் கொம்பைப் போட்டாள் என்றால், காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுகிறாள்: ஒலியில் பின்னால் வரும் உயிரின் கொம்பை எழுத்தில் முன்னால் வைக்க வேண்டும் என்பது ஏழு வயதுக்கு எளிதில் பிடிபடாத ஏற்பாடு. 'து' எழுத வேண்டிய இடத்தில் தகரத்துக்குக் 'கு'வின் சுழியைப் போடும் பிள்ளையும் அப்படியே. உகரக் குறி கு, சு, து, நு, மு என்று எழுத்துக்கு எழுத்து வேறு வடிவம் எடுப்பதை அறியாமல், தான் கண்ட ஒன்றை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்க்கிறாள். பார்த்து எழுதும் பிள்ளைக்கு இந்தப் பிழை வரவே வராது. சென்ற மாதம் 'கடி' என்று எழுதியவள் இந்த மாதம் 'கெடி' என்று எழுதினால் வகுப்பில் பாடம் நடந்திருக்கிறது என்று நீங்கள் உறுதியாக நம்பலாம். வீட்டில் தாத்தா, பாட்டி சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 1978இல் 13 எழுத்துகளின் வடிவம் மாற்றப்பட்டது. அதற்கு முன் படித்தவர்கள் 'லை'யையும் 'னை'யையும் யானைத் தும்பிக்கை போலச் சுழித்து எழுதுவார்கள். அதைக் கண்ட ஒரு மாணவி 'மலை'யை ஒருவாரம் அப்படியே வரைந்துகொண்டிருந்தாள். நானும் முதலில் பிழை என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டு, அப்புறம்தான் அது எங்கிருந்து வந்தது என்று விளங்கிச் சிரித்தேன்.

கணக்கிலும் இதே கதைதான். 'இருபத்தைந்து' எழுதச் சொன்னால் 205 என்று எழுதும் பிள்ளை வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். இருபதை 20 என்று எழுதி, பக்கத்தில் ஐந்தைப் போட்டுவிடுகிறார்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதிய ஒரு சிறுமிக்கு நான் விடையைத் திருத்தவில்லை. விளக்குமாற்று ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தோம். இருபத்தைந்து எடுத்து வா என்றேன். இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் எடுத்து வந்தாள். கட்டு எத்தனை, உதிரி எத்தனை என்று கேட்டு, சொன்னதை எழுதச் சொன்னேன். 2, 5 என்று எழுதிவிட்டு, மேலே தான் எழுதியிருந்த 205ஐப் பார்த்தாள். "டீச்சர், நடுவுல இந்த முட்டை எதுக்கு?" என்று அவளே கேட்டாள். அந்த நாளில் அவள் நோட்டில் இருந்தவை அழித்த தடமும் ஓர் எண்ணும் மட்டுமே. அவள் அம்மா பார்த்திருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார். தொண்ணூறிலும் இதே சிக்கல் வரும். எண்பது வரை பத்துகளின் பெயர் ஒரே போக்கில் போய், தொண்ணூறில் திடீரென்று 'நூறு' காதில் விழுவதால், தொண்ணூற்று மூன்றை 103 என்று எழுதிவிடுகிறார்கள். 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று வந்தாலும் திட்டாதீர்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். கடன் வாங்கிக் கழித்தல் இன்னும் வரவில்லை என்பதுதான் அதன் செய்தி.

வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 2005 முதல் நடந்துவரும் 'அசர்' ஆய்வில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே சென்று பிள்ளையை வாசிக்கச் சொல்லி, எழுத்து அறியாத நிலை, எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று நிலைகளாகப் பார்க்கிறார்கள். அதையே நீங்களும் செய்யலாம். மாதம் ஒருமுறை, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பள்ளிப் புத்தகத்தை எடுக்காதீர்கள். மளிகைப் பொட்டலம், பேருந்தின் ஊர்ப்பலகை, அவள் இதுவரை பார்த்திராத சிறு கதை என்று எதையாவது காட்டுங்கள். தனி எழுத்து நான்கு, சொல் நான்கு, பிறகு இரண்டு வரி. எங்கே தடுக்குகிறாள் என்பதைத் தேதி போட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவள் எதிரில் எழுத வேண்டாம், அதுவும் ஒரு தேர்வாகிவிடும். வாசித்த வரியில் யார் என்ன செய்தார் என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். வேகத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம், இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. வேற்றுமை உருபு, இடைச்சொல் எல்லாம் ஒட்டிக்கொண்டு 'பள்ளிக்கூடத்திலிருந்துதான்' என்று ஒரே சொல்லாக நிற்கும் தமிழுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பது என் கருத்து. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அடுத்த சொல்லைத் தானே முயல்கிறாளா, உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா என்று பாருங்கள்.

"ஒண்ணும் இல்லப்பா" என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மணி நேரத்தைச் சுருக்கிச் சொல்வது பெரியவர்களுக்கே கடினம். காலை உணவுக்கு உப்புமாவா பொங்கலா என்று கேட்டால் டக்கென்று பதில் வரும், ஏனென்றால் அது சின்னக் கேள்வி. அதே அளவுக்குக் கேளுங்கள்: இன்று யார் கரும்பலகைக்குப் போனார்கள், எந்தப் பாட்டுக்கு ஆடினீர்கள், டீச்சர் கதையில் நரி என்ன கேட்டது. அவள் கதையை நடித்துக் காட்ட ஆரம்பித்தால் நிறுத்தாதீர்கள். கேட்ட கதையை முன்பின் மாறாமல் திரும்பச் சொல்வது மொழிப்பாடத்தின் பெரும்பகுதி.

இனி நான் தயங்கும் இடங்கள். ஏழு வயதில் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவது பரவலாகக் காணப்படுவது. ஓரிரு ஆண்டில் பெரும்பாலோருக்குத் தானே போய்விடுகிறது. யாருக்குப் போகாமல் நிற்கும், யாருக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் திறமை எனக்கு இல்லை. ஆசிரியர் எவரும் அப்படி முத்திரை குத்தினால் ஏற்க வேண்டாம், அதற்கென்று பயின்றவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். மந்தம் என்று பெயர் எடுத்த பிள்ளைகளில் சிலருக்கு மூன்றாவது வரிசையிலிருந்து கரும்பலகையே தெரியவில்லை என்பதைக் கண்டிருக்கிறேன். பள்ளி மாறிய பிள்ளைக்கு முதல் பருவம் முழுவதும் குழப்பமாகவே போகலாம். ஆங்கில வழியிலிருந்து தமிழ் வழிக்கு வந்திருந்தால் இன்னும் சற்று நாளாகும், அது எத்தனை மாதம் என்று கணக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. என் அனுபவ அளவுகோல் ஒன்று உண்டு, அதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஒரே பிழை இரண்டு மாதம் அசையாமல் நின்றாலோ, பொங்கல் விடுமுறைக்குப் பிறகும் 'படம்', 'மரம்' போன்ற குறியில்லாச் சொற்களை வாசிக்க வரவில்லை என்றாலோ, நான் பெற்றோரை அழைத்துப் பேசுவேன்.

படங்களைப் பற்றி ஒரு சொல். காகிதக் கிரீடம் படத்தில் அழகாக விழும். 'முட்டை எதுக்கு' என்று கேட்ட நொடி படத்தில் விழாது. வருகையைக் கைப்பேசிச் செயலியில் பதிவது, மதிப்பீட்டை ஏற்றுவது, சத்துணவுக் கணக்கு என்று ஈராசிரியர் பள்ளியில் எங்கள் நாள் துண்டு துண்டாகப் போகிறது. குழுவில் போடுவதற்கு எளிதாகக் கிடைப்பது கிரீடம்தான். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. இரண்டு பேரும் ஐந்து வகுப்பைப் பகிர்ந்துகொள்ளும்போது தினமும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் செய்தி அனுப்பக் கேட்பது நடக்காத காரியம். அப்படிக் கேட்டால் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே வரி வந்துசேரும், அதனால் உங்களுக்குப் பயனில்லை. ஆசிரியர் பணியிடம் காலி, கழிப்பறை, குடிநீர் போன்றவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்புங்கள். அதன் உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் மகளின் வாசிப்பை அந்தக் கூட்டத்தில் பேச வேண்டாம். அவள் பெயர் எல்லோர் காதிலும் விழும்.

அதற்கு மாதம் ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்காதீர்கள். நன்றாகத்தான் படிக்கிறாள் என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். அரும்பில் இருக்கிறாளா மொட்டிலா, எந்த எழுத்தில் தடுக்குகிறாள், இந்த மாதம் வீட்டில் நான் எதைக் கவனிக்கட்டும் என்று கேளுங்கள். வீட்டுத் தாளில் நீங்கள் குறித்து வைத்ததையும் எடுத்துப்போங்கள், ஆனால் முதலில் காட்ட வேண்டாம். பதிவேட்டைப் புரட்டாமலே, "கொம்பு வந்துடுச்சுங்க, துணைக்காலைத்தான் மறந்துடறா, கழித்தல்ல கடன் வாங்கறது இன்னும் ஆகல" என்று ஆசிரியர் சொல்லி, அது உங்கள் தாளில் இருப்பதோடு ஒத்துப்போனால் நோட்டைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். பொதுவான பதிலே வந்தால் கோபப்படாமல் அடுத்த மாதம் அதே மூன்று கேள்வியோடு திரும்பப் போங்கள். தாத்தா ஒருவர் சன்னலில் வந்து நின்று கேட்டதற்குப் பிறகுதான் நானும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஒரு வரி மனத்தில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன்.